கெடா தமிழ்ப்பள்ளியில் முதல் வேலையா? 'அடங்காத' மாணவனை அடக்குவதற்கு முன் பார்க்க வேண்டியது என்ன?

நியமனக் கடிதம் கைக்கு வந்துவிட்டது. சுங்கை பட்டாணி, பாடாங் செராய், கோல கெட்டில் வட்டாரத்தில் ஏதோ ஒரு தமிழ்ப்பள்ளி. நீங்கள் சிலாங்கூரிலோ பேராக்கிலோ வளர்ந்தவர் என்றால், முதல் ஆச்சரியம் நாட்காட்டியிலேயே இருக்கிறது. கெடாவில் பள்ளி வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது. விடுமுறை வெள்ளியும் சனியும். உங்கள் நண்பர்கள் எல்லாம் ஞாயிறு காலை தூங்கிக்கொண்டிருக்கும்போது, நீங்கள் சபை கூடலில் நின்றுகொண்டிருப்பீர்கள்.

இரண்டாவது ஆச்சரியம் வகுப்பறையில் காத்திருக்கும். நான்காம் ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். கடைசி வரிசையில் ஒரு பையன். நீங்கள் பலகையில் தேதியை எழுதி முடிப்பதற்குள் பக்கத்துப் பிள்ளையின் அழிப்பான் பறந்திருக்கும். "டீச்சர், இவன பாருங்க டீச்சர்!" என்று ஒரு குரல். புத்தகத்தைத் திற என்றால், "புக்கு கொண்டு வரல டீச்சர்." சரி, பக்கத்தில் இருப்பவனோடு பார்த்து வாசி என்றால், "டோய்லெட் போகணும் டீச்சர்." ஆசிரியர் அறையில் போய்ச் சொன்னால், மூத்தவர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்வார்: "அவனா? அவன் ஒண்ணாம் ஆண்டுல இருந்தே அப்படித்தான். ரொம்ப கண்டுக்காதீங்க."

இந்தக் கட்டுரை அந்தப் பையனைப் பற்றியது. 'வகுப்பறை நிர்வாகம்' என்று பயிற்சிக் கழகத்தில் படித்துவிட்டு வரும் பல புதிய ஆசிரியர்கள் முதல் ஆறு மாதம் குரலை உயர்த்தியே களைத்துப் போவது இப்படிப்பட்ட ஒருவனால்தான். அவன் 'அடங்காதவன்' என்று முடிவு செய்யும் முன், கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன், அவன் எங்கிருந்து வருகிறான் என்று பார்த்துவிடலாம்.

பால்மரக்காட்டில் இருந்து தாமானுக்கு

கோல மூடா, கூலிம், பாலிங் என்று தென் கெடா முழுவதும் நெடுங்காலம் ரப்பர் தோட்டங்கள். உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டால் பால்மரக்காடு என்பார்கள். விடியும் முன் பெரட்டு, அதன் பிறகு பால்வெட்டு. கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகையில், கொஞ்சம் வளர்ந்தவர்கள் தோட்டப் பள்ளியில். கூட்டு மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் ஒரு பள்ளி நடத்த வேண்டும் என்று சொன்னது. கெடா அந்தக் கூட்டு மாநிலங்களில் ஒன்று இல்லை. ஆனாலும் இங்கே வளர்ந்த தோட்டப் பள்ளிகளும் ஏறக்குறைய அதே சாயல்தான்: ஒரு கட்டடம், ஒன்றிரண்டு வாத்தியார்கள், எல்லா வகுப்பும் ஒரே கூரையின் கீழ்.

பிறகு ரப்பர் குறைந்து செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. சில வீடமைப்புப் பகுதிகளாயின, சில தொழிற்பேட்டைகளாயின. 1996இல் கூலிம் ஹைடெக் பார்க் திறக்கப்பட்டது. லயத்து வீடுகளில் இருந்தவர்கள் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் போனார்கள். பால்வெட்டுக்குப் போன தலைமுறையின் பிள்ளைகள் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள்.

பள்ளிகள் மட்டும் அவ்வளவு வேகமாக இடம் மாறவில்லை. அதனால்தான் கெடாவில் ஒரு விநோதத்தைப் பார்ப்பீர்கள். பெயர்ப் பலகையில் 'லாடாங்' என்று இருக்கும், சுற்றிலும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களே இருக்காது, பிள்ளைகள் டவுனில் இருந்து வேனில் வருவார்கள். கடைசிப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு வேன் வந்து சேரும்போது, முதலில் ஏறிய பிள்ளை ஒரு மணி நேரம் உட்கார்ந்தே வந்திருப்பான். காலை ஏழரைக்கே அவன் களைத்துப் போயிருப்பதைப் பார்த்து 'சோம்பேறி' என்று எழுதிவிடாதீர்கள்.

நாடு முழுவதும் 520க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. கெடாவில் ஏறக்குறைய 60. இவற்றில் டவுன் பள்ளி என்றால் வகுப்பு நிரம்பி வழியலாம். உட்பகுதிப் பள்ளி என்றால் ஒரு வகுப்பில் ஏழெட்டுப் பேர்தான். 150 மாணவர்களுக்குக் கீழே போனால் அது கல்வி அமைச்சின் கணக்கில் 'குறைந்த மாணவர் பள்ளி'. எண்ணிக்கை மிகவும் குறைந்த பள்ளிகளில் முதலாம், இரண்டாம் ஆண்டுகளைச் சேர்த்து ஒரே வகுப்பு. மூன்றும் நான்கும் சேர்ந்து ஒன்று, ஐந்தும் ஆறும் சேர்ந்து ஒன்று. பயிற்சிக் காலத்தில் 'ஒரு வகுப்பு, ஒரு பாடம்' என்று பழகியவருக்கு இது முதல் நாளே தலையைச் சுற்ற வைக்கும். இதைப் பற்றிப் பிறகு.

திட்டும் விதத்தில் ரகசியம் இல்லை

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஜேக்கப் கூனின் என்ற பேராசிரியர் இருந்தார். ஒருநாள் தன் வகுப்பில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவரைக் கடிந்துகொண்டார். திட்டு வாங்கியவர் ஒருவர்தான், ஆனால் வகுப்பு முழுவதும் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தது. இது ஏன் என்று யோசித்தவர், ஆண்டுக்கணக்கில் வகுப்பறைகளைப் படம் பிடித்து ஆராய்ந்தார். 1970இல் புத்தகமாக வெளியிட்டார்.

அவர் தேடிப் போனது 'எப்படித் திட்டினால் பலன் அதிகம்' என்பதை. கிடைத்த பதில் வேறு. கடுமையாகத் திட்டுவதோ மென்மையாகச் சொல்வதோ, அதனால் வகுப்பின் ஒழுங்கில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நன்றாக நடந்த வகுப்புகளின் ஆசிரியர்கள், குழப்பம் வருவதற்கு முன் செய்தவற்றில்தான் மற்றவர்களிடம் இருந்து வேறுபட்டார்கள். வகுப்பின் எந்த மூலையில் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் அம்மாக்களுக்கு 'முதுகிலும் கண்' என்று சொல்வோமே, அதே கண். ஒரு பிள்ளையின் நோட்டைத் திருத்திக்கொண்டே இன்னொரு மூலையைக் கவனித்தார்கள். ஒரு வேலையில் இருந்து அடுத்த வேலைக்குப் போகும்போது இடைவெளி விடவில்லை.

கூனின் கவனித்த இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஆசிரியர்கள் செய்யும் இரண்டு தவறுகள்: ஆரம்பித்தவனை விட்டுவிட்டுத் திருப்பி அடித்தவனைப் பிடிப்பது. அல்லது, சின்னதாக இருக்கும்போது விட்டுவிட்டுப் பெரிதான பிறகு பாய்வது. இந்த இரண்டையும் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். "சாருக்குத் தெரியல லா" என்ற கிசுகிசு கேட்ட நாளில் இருந்து உங்கள் குரலுக்கு மதிப்புக் குறையும்.

ஆகவே, நடைமுறையில் என்ன செய்யலாம்? பிள்ளைகள் உள்ளே வரும்போது பலகையில் ஒரு சின்ன வேலை ஏற்கெனவே எழுதியிருக்கட்டும். இரண்டு கணக்கோ, சொல்வதெழுதுவதற்கு ஐந்து சொல்லோ போதும். நீங்கள் வருகைப் பதிவை முடிப்பதற்குள் அவர்கள் கைக்கு வேலை இருக்கும். நோட்டுகளை எப்படிக் கொடுப்பது, பென்சில் சீவ எப்போது எழுந்து போகலாம், முடித்தவர்கள் என்ன செய்வது என்பதை எல்லாம் முதல் இரண்டு வாரம் பாடம் போலவே சொல்லிக்கொடுத்துப் பழக்குங்கள். நேரம் வீணாகிறது என்று தோன்றும். அந்த இரண்டு வாரத்தை விட்டவர்கள் ஜூன் மாதத்தில் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஒரே நேரத்தில் மூன்று கட்டளை வேண்டாம். "புக்க எடுங்க, பக்கம் நாப்பத்திரண்டு, முதல் பத்திய வாசிங்க, புதுச் சொல்லுக்குக் கோடு போடுங்க" என்று ஒரே மூச்சில் சொன்னால், பாதி வகுப்பு 'எந்தப் பக்கம்?' என்று பக்கத்துப் பிள்ளையைக் கேட்கும். அதுதான் சத்தம். அதற்கும் நீங்கள் திட்டுவீர்கள்.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பதும் இதில் சேர்ந்ததுதான். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் அளந்து பார்த்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவுதான் பதிலுக்குக் காத்திருந்தார்கள். மூன்று விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மனத்துக்குள் 'ஒன்று, இரண்டு, மூன்று' எண்ணிப் பாருங்கள். நின்றுகொண்டிருக்கும் ஆசிரியருக்கு அது எவ்வளவு நீளமான நேரம் என்று தெரியும்.

இவ்வளவும் செய்தால் வகுப்பில் பெரும்பாலோர் உங்கள் பக்கம் வந்துவிடுவார்கள். கடைசி வரிசைப் பையன் மட்டும் வரமாட்டான்.

கேட்க வேண்டிய கேள்வி: அவனுக்கு வாசிக்கத் தெரியுமா?

அவன் என்னென்ன செய்கிறான் என்று மறுபடியும் பாருங்கள். புத்தகம் கொண்டுவருவதில்லை. வாசிக்கச் சொன்னால் கழிப்பறை. எழுதச் சொன்னால் பென்சில் இல்லை. சண்டை எப்போது வருகிறது என்று ஒரு வாரம் குறித்து வைத்துப் பார்த்தால், உடற்கல்வி நேரத்தில் அவ்வளவாக இருக்காது. வாசிப்புப் பகுதி வரும்போதுதான் அழிப்பான் பறக்கும்.

பத்து வயதுப் பையனுக்கு, நண்பர்கள் முன்னால் "எனக்கு வாசிக்க வரல" என்று ஒப்புக்கொள்வதைவிட 'குறும்புக்காரன்' என்ற பெயர் எவ்வளவோ மேல். முட்டாள் என்று சிரிப்பார்கள், ரவுடி என்றால் பயப்படுவார்கள். நீங்கள் அவனை வெளியே நிற்க வைத்தால், அவன் தோற்கவில்லை. வாசிப்பில் இருந்து தப்பித்துவிட்டான். தண்டனை என்று நீங்கள் நினைப்பது அவனுக்குக் கிடைத்த வெகுமதி.

எல்லாக் குறும்புக்கும் இதுதான் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் மலேசியத் தமிழ்ப்பள்ளியில் இதை முதலில் சந்தேகிக்க ஒரு நல்ல காரணம் இருக்கிறது. இருமொழி, மும்மொழி பேசி வளர்ந்த உங்களுக்கு அது மறந்துபோயிருக்கலாம்.

முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒரே நேரத்தில் மூன்று மொழிகளில் வாசிக்கக் கற்கிறான். தமிழில் 247 எழுத்து. அதோடு ரோமன் எழுத்தில் இரண்டு மொழி. ஒரே எழுத்துக்கு இரண்டு ஒலி. 'சி, ஏ, டி' என்ற மூன்று எழுத்தையும் சேர்த்து வாசித்தால் ஆங்கிலத்தில் 'கேட்', அதாவது பூனை. மலாயில் 'சாட்', அதாவது சாயம். 'ஏ, ஐ, ஆர்' ஆங்கில வகுப்பில் காற்று, மலாய் வகுப்பில் 'ஆயெர்', தண்ணீர். 'ஜே, ஏ, எம்' ஆங்கிலத்தில் ரொட்டியில் தடவுவது, மலாயில் மணி பார்ப்பது. வாசிக்கத் தடுமாறும் பிள்ளை இதை 'எனக்கு மட்டும் மண்டையில ஏறல' என்றுதான் புரிந்துகொள்வான். ஒலி மாறுகிறது என்று யாரும் அவனிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தமிழிலும் அவனுக்கு முட்டுக்கட்டைகள் உண்டு. 'கெ' என்ற எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ' என்றால் முன்னாலும் ஒன்று, பின்னாலும் ஒன்று. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக ஒலித்து வாசி என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்த வழி இங்கே உதவாது. கெ, கே, கொ, கோ, கௌ வரிசையில் சிக்கிக்கொண்ட ஒரு பிள்ளை, முழுப் பத்தியையும் முதல் எழுத்தைப் பார்த்து ஊகித்தே ஓட்டிவிடுவான். 'கோவில்' என்று இருந்தால் 'கோழி' என்பான். வகுப்போடு சேர்ந்து கோரஸாக வாசிக்கும்போது அவன் வாயும் அசையும். மூன்று ஆண்டு அப்படியே போய்விடும்.

போகப் போக இடைவெளி பெரிதாகும். வாசிக்கத் தெரிந்தவன் நிறைய வாசிப்பான், அதனால் இன்னும் நன்றாக வாசிப்பான். தெரியாதவன் வாசிப்பதையே தவிர்ப்பான். கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் கீத் ஸ்டானோவிச் 1986இல் இதை விரிவாக விளக்கினார். நான்காம் ஆண்டுக்கு மேல் அறிவியலும் கணிதமும்கூட வாசிப்பை நம்பித்தான் நடக்கின்றன. கேள்வி புரியாதவனுக்குக் கணக்குத் தெரிந்தும் பயனில்லை.

ஐந்து நிமிடச் சோதனை

எப்படிக் கண்டுபிடிப்பது? பெரிய சோதனைத்தாள் எதுவும் வேண்டாம். இந்தியாவில் 2005 முதல் 'அசர்' என்ற கணக்கெடுப்பில் ஒரு எளிய முறையைப் பயன்படுத்துகிறார்கள். பிரதம் என்ற தொண்டு நிறுவனம் உருவாக்கியது. ஒரு தாளில் சில எழுத்துகள், சில எளிய சொற்கள், நான்கு வரிப் பத்தி, ஒரு குட்டிக் கதை. பிள்ளை தனியாக உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறான். எங்கே நிற்கிறானோ, அதுவே அவன் இருக்கும் படி.

இதையே நீங்கள் ஒரு தாளில் தயாரித்துக்கொள்ளலாம். எழுத்து வரிசையில் ல, ள, ழ, ர, ற இருக்கட்டும். கொம்பு வைத்த எழுத்துகள் கட்டாயம் இருக்கட்டும். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொருவராக அழையுங்கள். வகுப்பில் எல்லாரையும் அழையுங்கள், அவனை மட்டும் அழைத்தால் கதை முடிந்தது. மார்க் போடாதீர்கள். "டீச்சருக்கு உங்க குரல கேக்கணும், அவ்வளவுதான்" என்று சொன்னால் போதும்.

ஒரு எச்சரிக்கை. எழுத்தைத் தலைகீழாக எழுதுவது, மிகவும் மெதுவாக வாசிப்பது, நேற்றுக் கற்றதை இன்று முழுவதும் மறப்பது போன்றவை விடாமல் தொடர்ந்தால் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். கண், காது பிரச்சினையாகவும் இருக்கலாம். கண்ணாடி போட்டதும் 'அடங்கிவிட்ட' பிள்ளைகள் உண்டு. நீங்கள் மருத்துவர் இல்லை, முத்திரை குத்தும் வேலை உங்களுடையது இல்லை. கவனித்ததைத் தேதியோடு எழுதி வைத்து, தலைமையாசிரியரிடமும் குறைநீக்கல் ஆசிரியரிடமும் கொண்டு போங்கள். அதன்பின் பெற்றோரின் சம்மதத்தோடு கிளினிக்கில் பரிசோதனை.

படி தெரிந்துவிட்டது. அடுத்து?

பள்ளியில் 'பெமுலிஹான்' எனப்படும் குறைநீக்கல் வகுப்பு இருந்தால், அங்கே அனுப்புவதற்கான நடைமுறையைக் கேளுங்கள். ஆனால் அனுப்பியதோடு உங்கள் வேலை முடியவில்லை. அவன் நாளின் பெரும்பகுதியை உங்கள் வகுப்பில்தான் கழிக்கிறான்.

இங்கேதான் அந்தச் சேர்ந்த வகுப்பு விஷயம் உதவுகிறது. இரண்டு ஆண்டுப் பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பது சாபம் என்று புதியவர்கள் நினைப்பார்கள். ஆந்திரத்தின் ரிஷிவேலியைச் சுற்றியிருக்கும் கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகளுக்காக ஒரு முறையை உருவாக்கினார்கள். பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்து ஏணிப் படிகள் போல அடுக்குவது. ஒவ்வொரு பிள்ளையும் தன் படியில் இருந்து ஏறுவான். பக்கத்தில் இருப்பவன் எந்தப் படியில் இருக்கிறான் என்பது பிரச்சினை இல்லை. இதைப் பார்த்துத்தான் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007இல் தமிழ்நாடு முழுவதும் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. பின்னாளில் அதன் மீது விமர்சனங்களும் வந்தன, அட்டையைச் சுற்றியே பிள்ளை நிற்கிறான், ஆசிரியர் ஒதுங்கிவிடுகிறார் என்று. அது நியாயமான விமர்சனம்தான். முறையை அப்படியே நகலெடுக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அதில் இருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது: வயதுக்கு ஏற்ற பாடத்தைக் கொடுப்பது ஒன்று, அவன் இருக்கும் படிக்கு ஏற்ற பாடத்தைக் கொடுப்பது வேறு. நாளில் இருபது நிமிடமாவது இரண்டாவதற்கு ஒதுக்க வேண்டும்.

எட்டுப் பேர் உள்ள வகுப்பில் இது முடியும். சிறிய பள்ளியின் பலமே அதுதான். முப்பத்தைந்து பேர் உள்ள டவுன் வகுப்பில் கஷ்டம், பொய் சொல்ல விரும்பவில்லை. அங்கே நன்றாக வாசிக்கும் பிள்ளைகளை இணை சேர்த்துவிடலாம். ஆனால் இணை யார் என்பதில் கவனம் வேண்டும். கேலி செய்யும் கெட்டிக்காரனைவிட, பொறுமையான நடுத்தரப் பிள்ளை பல மடங்கு மேல்.

அந்தப் பையனை முன்னறிவிப்பில்லாமல் எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள். செவ்வாய்க்கிழமை அவன் வாசிக்க வேண்டிய இரண்டு வரியைத் திங்கட்கிழமையே ஓய்வு நேரத்தில் அவனோடு உட்கார்ந்து மூன்று முறை வாசித்துவிடுங்கள். மறுநாள் வகுப்பில் கேட்டால் வாசிப்பான். அந்த இரண்டு வரியை வாசித்து முடித்தபோது அவன் முகத்தைப் பார்த்த பிறகு, ரோத்தான் நினைவே வராது.

ரோத்தானைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது?

நினைவு வந்தாலும், நீங்கள் எடுக்க முடியாது. இது புதியவர்கள் பலருக்குச் சரியாகத் தெரியாத இடம். "எங்க காலத்துல வாத்தியார் அடிச்சாரு, நாங்க உருப்படலையா?" என்று பெற்றோரே சொல்வார்கள். "ரெண்டு போடுங்க டீச்சர், நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்" என்று அனுமதியும் கொடுப்பார்கள். அந்த அனுமதிக்குச் சட்டத்தில் இடமில்லை.

1959ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிமுறைகள்படி, பிரம்படி ஆண் மாணவர்களுக்கு மட்டுமே, அதுவும் மெல்லிய பிரம்பால், உள்ளங்கையிலோ உடைக்கு மேல் பின்புறத்திலோ மட்டுமே. மாணவிகளை அடிக்கவே கூடாது. 2003இல் கல்வி அமைச்சு வெளியிட்ட 7ஆம் எண் சுற்றறிக்கை, அந்த அதிகாரம் தலைமையாசிரியருக்கும் அவர் அதிகாரம் வழங்கிய ஆசிரியருக்கும் உரியது என்கிறது. கோபத்தில் ரூலரால் முட்டியில் தட்டுவது, காதைத் திருகுவது, கன்னத்தில் அறைவது எதற்கும் விதியில் இடம் கிடையாது. மலேசியா 1995இல் ஐநாவின் சிறார் உரிமை உடன்படிக்கையில் இணைந்த நாடும்கூட.

சட்டத்தை விடுங்கள். வாசிக்கத் தெரியாததால் குறும்பு செய்பவனை அடித்தால், மறுநாளும் அவனுக்கு வாசிக்கத் தெரியாது. வலி மட்டும் கூடுதல்.

அவமானமும் அடிதான். "அஞ்சாம் ஆண்டு ஆச்சு, இன்னும் 'அ' எழுதத் தெரியல" என்று வகுப்பு முன்னால் சொல்லும் ஒரு வரி, ரோத்தானைவிட நீண்ட நாள் நிற்கும்.

வீட்டுக்கு ஒரு போன்

"ஏன் ஹோம்வொர்க் செய்யல?" என்று கேட்டால், "அம்மா நைட் ஷிப்டு டீச்சர், நாந்தான் தங்கச்சிய பாத்துக்கிட்டேன்" என்று பதில் வரலாம். இது சாக்குப்போக்காகவும் இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் அம்மாவும் அப்பாவும் மாறி மாறிப் போகும் வீடுகள் சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் நிறைய. பெற்றோர் கூட்டத்துக்கு வராதவர்கள் எல்லாம் அக்கறை இல்லாதவர்கள் என்று கணக்குப் போட்டால் தப்பாகிவிடும்.

என் பரிந்துரை: அந்தப் பையனின் வீட்டுக்கு முதல் அழைப்பு ஒரு நல்ல செய்தியோடு போகட்டும். உங்கள் குரலைக் கேட்டதும், "ஐயோ டீச்சர், என்ன பண்ணிட்டான்?" என்றுதான் அம்மா ஆரம்பிப்பார். "ஒண்ணும் பண்ணலம்மா. இன்னிக்கு ரெண்டு வரி நல்லா வாசிச்சான், அத சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்று சொல்லிப் பாருங்கள். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே வராது. அடுத்த முறை கஷ்டமான விஷயத்துக்கு அழைக்கும்போது அந்தத் தாய் போனை எடுப்பார்.

வாட்சாப் குழுவில் ஒருபோதும் ஒரு பிள்ளையின் தவற்றைப் போடாதீர்கள். நாற்பது குடும்பம் படிக்கும் இடம் அது.

காலையில் சாப்பிடாமல் வருகிறானா என்று கவனியுங்கள். பள்ளியில் 'ஆர்எம்டி' எனப்படும் துணை உணவுத் திட்டம் இருக்கிறது. பட்டியலில் அவன் பெயர் இல்லாவிட்டால், கேட்டுச் சேர்க்க வைப்பது வகுப்பாசிரியரால் முடிகிற காரியம். பள்ளித் தொடக்க உதவித்தொகையான 150 ரிங்கிட் போன்றவற்றின் பாரங்களை நிரப்பத் தெரியாமல் விடும் பெற்றோரும் உண்டு. பிறப்புப் பத்திரச் சிக்கல் உள்ள பிள்ளை என்றால், அதைத் தலைமையாசிரியரிடம் உடனே கொண்டு போங்கள். ஆறாம் ஆண்டில் இடைநிலைப்பள்ளிக்குப் பதியும் நேரத்தில் கண்டுபிடித்தால் காலம் போதாது.

இன்னொன்று, இதில் தயக்கத்துக்கு இடமில்லை. உடலில் காயம், திடீர்ப் பயம், வீட்டுக்குப் போகவே மறுப்பது போன்றவை தெரிந்தால், துப்புத் துலக்க உட்காராதீர்கள். பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள், "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று சத்தியமும் செய்யாதீர்கள். சொன்னதை அவன் சொன்ன சொற்களிலேயே எழுதி வைத்து, தலைமையாசிரியரிடம் அன்றே தெரிவியுங்கள். சிறார் மீதான பாலியல் குற்றம் என்று தெரிந்தும் போலீசுக்குத் தகவல் சொல்லாமல் இருப்பதே 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அது ஆசிரியர் உட்பட எல்லாருக்கும் பொருந்தும். 'தாலியான் காசே' 15999 என்ற எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.

உங்களை யார் பார்த்துக்கொள்வார்கள்?

சிறிய பள்ளியில் புதிய ஆசிரியர் என்றால், வகுப்பாசிரியர் வேலையோடு பரிசளிப்பு விழா, வாசிப்பு நிலையம், விளையாட்டுக் குழு, கணினிப் பதிவு எல்லாம் உங்கள் தலையில்தான் வந்து விழும். "நீங்க இளசு, கம்ப்யூட்டர் தெரியும்" என்பார்கள். எல்லாவற்றையும் மறுக்க முடியாது. ஆனால் முதல் ஆண்டில் எது உங்கள் முதல் வேலை என்று தலைமையாசிரியரிடம் பணிவாகக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம்.

புதிய ஆசிரியர்களுக்கு ஒரு மூத்தவரை வழிகாட்டியாக நியமிக்கும் திட்டம் அமைச்சிடம் இருக்கிறது, 'பிபிஜிபி' என்று சொல்வார்கள். காகிதத்தில் கையெழுத்தோடு அது முடிந்துவிடாமல் இருக்க, நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டும். "சார், வியாழக்கிழமை என் வகுப்புல பதினஞ்சு நிமிஷம் உக்காந்து பாருங்க. நான் எங்க தப்பு விடுறேன்னு சொல்லுங்க." இப்படிக் கேட்ட இளையவரை மறுக்கும் மூத்தவர்கள் குறைவு. அதே மூத்தவர்தான் "அவன் அப்படித்தான்" என்று சொன்னவராகவும் இருக்கலாம். பரவாயில்லை. அவருக்கு அவன் அண்ணனையும் தெரியும், அவன் அப்பாவையும் தெரியும், லயத்தில் இருந்து அந்தக் குடும்பம் எந்த ஆண்டு தாமானுக்கு மாறியது என்றும் தெரியும். உங்களிடம் இல்லாத தகவல் அது.

கெடாவில் வியாழக்கிழமைதான் வாரத்தின் கடைசிப் பள்ளி நாள். வேன் கிளம்பிய பிறகு பத்து நிமிடம் உட்கார்ந்து, வகுப்புப் பட்டியலை எடுத்து, இந்த வாரம் நீங்கள் ஒரு வார்த்தைகூடத் தனியாகப் பேசாத பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். குறும்புக்காரர்கள் பெயருக்குப் பக்கத்தில் புள்ளி இருக்காது, அவர்களோடு நாள் முழுவதும் பேசியிருப்பீர்கள். புள்ளி விழுவது சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு. அவர்களில் ஒருத்திக்கும் வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம், அவள் அழிப்பானை எறிவதில்லை என்பதால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அந்த ஐந்து நிமிடத் தாளை அவளிடம் இருந்து தொடங்குங்கள்.